பட்டும் பருத்தியும் சேராத போர்வை

லாரி வாசலில் வந்து நின்றபோது நல்ல உச்சி வெயில். மகன் முதலில் குதித்தான், பிறகு கையை நீட்டிப் புது மனைவியைப் பிடித்து இறக்கினான். ஒரு பெட்டி, ஒரு கைப்பை, தலையணை உறைக்குள் திணித்த சில்லறைச் சாமான்கள். அந்தப் பெண் கொண்டுவந்தது அவ்வளவுதான். இறங்கியவள் வீட்டை மேலும் கீழும் பார்த்தாள். சுண்ணாம்பு உதிர்ந்த முன்சுவர், கம்பி போட்ட ஜன்னல், உள்ளே போகப்போக இருட்டிக்கொண்டே போகும் நடைவழி. பழைய வீடுதான். யாரும் பார்த்துப் பயப்படும்படி அதில் ஒன்றும் இல்லை.

கத்திரி வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் திரைச்சீலை தைக்கும் கடையில் சேர்ந்த புதிதிலேயே அவள் நாக்கைப் பார்த்து யாரோ வைத்த பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது வாடிக்கைக்காரர்கள்கூட "கத்திரியம்மா இருக்காங்களா" என்றுதான் கேட்கிறார்கள். கடையில் அப்படி வெட்டிப் பேசும் நாக்கு, வீட்டுக்குள் மட்டும் கால் நூற்றாண்டாகப் பெட்டிப் பாம்பாய் அடங்கிக் கிடந்தது. மாமியார் உயிரோடு இருந்தவரை.

பெண்ணை உள்ளே கூட்டிப் போனவள் நேராகப் பின்கட்டுக்கே அழைத்துப் போனாள். துவைக்கும் கல், குழாய், ஒரு நீல பக்கெட், சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய ஒரு கொடி.

"நல்லாப் பாத்துக்கம்மா. இந்த வீட்டுல ஒரே பக்கெட், ஒரே கொடி. உன் துணி, என் துணி, மாமா துணி எல்லாம் ஒண்ணா ஊறும், ஒண்ணாக் காயும். யாராவது வேற மாதிரி சொன்னா என்கிட்ட வந்து சொல்லு."

பெண் சிரித்துவிட்டாள். "வேற யாரு அத்தை இருக்காங்க, சொல்றதுக்கு?"

"யாரும் இல்ல," என்றாள் கத்திரி.

வந்து கால் மணி நேரம் ஆகாத மருமகளிடம் பக்கெட்டைப் பற்றியும் கொடியைப் பற்றியும் ஒரு மாமியார் பேசுவாளா என்று கேட்கலாம். கத்திரிக்கு அதுதான் முதல் பேச்சு. அவள் இதே வீட்டுக்கு வாழ வந்த வாரம், ஊறப்போட்ட அவளுடைய சிவப்புப் பருத்திச் சேலை சாயம் விட்டு, மாமியாரின் வெள்ளைச் சேலையில் திட்டுத் திட்டாக ஏறிவிட்டது. யார் வீட்டிலும் நடப்பதுதான். மாமியார் கத்தவில்லை, திட்டவில்லை. மறுநாள் சாக்கடை ஓரமாக, வெயிலே விழாத மூலையில் இன்னொரு கொடி கட்டினாள். ஓட்டை விழுந்த பக்கெட் ஒன்றை எடுத்து வைத்தாள். "இனிமே உன் துணி அங்கதான். என் துணிமேல உன் ஈரம் படக் கூடாது."

அன்றைக்குப் போட்ட சட்டம், மாமியார் மூச்சு நிற்கும்வரை மாறவில்லை. மழைக்காலத்தில் கத்திரியின் துணிகள் பூசணம் பிடித்தன. காய்ச்சலில் கிடந்தபோதும் அவள் எழுந்து போய் அந்த ஓட்டைப் பக்கெட்டில்தான் துவைத்தாள். பிள்ளை பிறந்தபோது பிள்ளையின் துணி மாமியாரின் கொடியில் வெயிலில் காய்ந்தது, பெற்றவளின் துணி சாக்கடை ஓரத்தில் நாறியது. வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதால், "அவங்க குணம் அப்படி, விடு" என்பார். மின்விசிறி பழுது பார்ப்பவர் அவர். எந்த ஊர் விசிறி சத்தம் போட்டாலும் போய்ச் சரி செய்துவிடுவார், தன் வீட்டுச் சத்தம் மட்டும் அவர் காதில் விழாது.

போன மழைக்காலத்தில் மாமியார் செத்துப்போனாள். மறுநாளே கத்திரி சாக்கடை ஓரக் கொடியை அறுத்து எறிந்தாள். ஆனால் கோபம் அறுந்து விழவில்லை. திருப்பிக் கேட்க வேண்டிய ஆள் இல்லாமல் போய்விட்ட கோபம் இருக்கிறதே, அது பொல்லாதது. வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு கொதிக்கும்.

மகன் இரண்டு நாள் இருந்துவிட்டு, தொலைதூரச் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றான். அவன் போன அன்று சாயங்காலம், கத்திரி மாமியாரின் பீரோவைத் திறந்தாள்.

பாச்சை உருண்டை வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. அதற்கடியில் கிழவி கைகாலுக்குத் தேய்த்துக்கொண்ட வலித் தைலத்தின் வாசம். பட்டுச்சேலைகள் வெள்ளைத் துணியில் சுற்றி அடுக்கியபடி இருந்தன. கரும்பச்சை, அடர்நீலம், கடுகு நிறம். எந்தச் சேலையிலும் கத்திரியின் விரல் ஒருமுறைகூடப் பட்டதில்லை.

"புதுசா வந்த பொண்ணுக்கு ஒரு போர்வை தைக்கப் போறேன்," என்று வீட்டுக்காரரிடம் அறிவித்தாள். "ஒட்டுப் போர்வை. எல்லாத் துணியும் கலந்து."

"அது பட்டு," என்றார் அவர்.

"தெரியும்."

அவர் அதற்குமேல் பேசவில்லை. என்றைக்குப் பேசினார்?

கத்திரி வைத்த முதல் வெட்டு முந்தானையில் விழுந்தது. பட்டு அறுபடும்போது ஒரு சத்தம் வரும். அன்றைக்கு அந்தச் சத்தம் பல்லை நறநறவென்று கடிப்பதுபோல் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. சதுரம் சதுரமாக வெட்டிக் குவித்தாள். பக்கத்தில் இன்னொரு குவியல்: தன்னுடைய சாயம் போன நைட்டிகள், தரை துடைத்த துணி, வீட்டுக்காரரின் கிழிந்த பனியன்கள், சாக்கடை ஓரத்தில் காய்ந்தே கறுத்துப்போன உள்பாவாடைகள். சரிகைக் கரைக்குப் பக்கத்தில் தரை துடைத்த துணி. அடர்நீலப் பட்டுக்கு இருபுறமும் பனியன். வேண்டுமென்றேதான் அப்படி அடுக்கினாள். இந்தக் கூத்தைக் கிழவி இருந்து பார்க்கவில்லையே என்று ஆதங்கமாக இருந்தது அவளுக்கு.

விஷயம் நாத்தனார் காதுக்கு எட்டியது. அவள் மறுநாளே வந்து நின்றாள். மேசைமேல் கிடந்த பட்டுத் துண்டுகளைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது.

"அம்மா சேலையைக் கிழிச்சுட்டீங்களா அண்ணி?"

"கிழிக்கல. அளவா வெட்டியிருக்கேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடைசியா அம்மா என்கிட்ட சொன்னதே இதுதான். என் துணி எதுவும் அவ கைக்குப் போகக் கூடாது, நீ வந்து எடுத்துட்டுப் போன்னாங்க. நான்தான் நாளைக்கு நாளைக்குன்னு இருந்துட்டேன்."

கத்திரிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சாகும்போதும் அதுதானா நினைப்பு? இத்தனை வருஷம் கஞ்சி வைத்துக் கொடுத்தவளைப் பற்றி, படுத்த படுக்கையில் துடைத்துவிட்டவளைப் பற்றி, சொல்ல வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா?

"என் கை பட்ட கஞ்சி இறங்குச்சு, துணி மட்டும் ஆகாதாமா?" என்றாள். "போயிட்டு வா. போர்வை முடிஞ்சதும் காட்டறேன்."

நாத்தனார் மேசை அருகே வரவேயில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, மெல்லச் சொன்னாள். "எங்கம்மாவை உங்களுக்குத் தெரியாது அண்ணி."

"உன்னைவிட நல்லாத் தெரியும்."

கத்திரி அன்று சாயங்காலமே மெஷினில் உட்கார்ந்தாள். முதல் வரிசையை முடித்து, தைத்த ஓரங்களை விரலால் நீவிப் பார்த்துவிட்டுப் படுத்தாள். அவள் தையல் அப்படி இப்படிப் பிரியாது. கடையில் அவள் தைத்த திரைகளைக் கழற்றி மாட்டியே கம்பி தேய்ந்திருக்கிறது, தையல் விட்டதில்லை.

காலையில் பார்த்தால் துண்டுகள் தனித்தனியாகக் கிடந்தன.

அறுக்கவில்லை, கிழிக்கவில்லை. நூல் முழுசாக உருவப்பட்டிருந்தது. உருவிய நூலைச் சின்ன உருண்டையாகச் சுற்றி மெஷின் பலகைமேல் யாரோ வைத்திருந்தார்கள். பட்டுத் துண்டுகள் ஒரு பக்கம், அவள் துணிகள் ஒரு பக்கம், அழகாக மடித்து அடுக்கியிருந்தது.

"நீ பிரிச்சியாம்மா?" என்று மருமகளைக் கேட்டாள்.

"நான் அந்த ரூமுக்கே போகலையே அத்தை."

நூல் சரியில்லை என்று கத்திரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடையிலிருந்து கனத்த நூல் கொண்டுவந்து, பொடித் தையலாக, இரண்டு ஓட்டம் ஓட்டினாள். மறுநாள் அதுவும் உருவிக் கிடந்தது. இந்த முறை நன்றாகக் கவனித்தாள். பட்டோடு பட்டு சேர்த்த இடம் அப்படியே இருந்தது. பனியனும் நைட்டியும் சேர்ந்த இடமும் அப்படியே இருந்தது. அவளுடையதும் கிழவியுடையதும் சேரும் இடம் மட்டும்தான் விட்டிருந்தது.

அறையில் வலித் தைலம் மணத்தது.

பயம் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. செத்தும் ஒதுக்கி வைக்கிறாயா என்று அந்த அடுக்கைப் பார்த்துக் கேட்டாள். ஜன்னல் திரை அசைந்து நின்றது. காற்று இல்லை.

கடையில் கட்டிங் மாஸ்டரிடம் பொதுவாகப் பேச்சைப் போட்டாள். பட்டும் பருத்தியும் தைத்தால் ஏன் விடுகிறது என்று. அவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி சிரித்தார்.

"நீங்க என்னைக் கேக்கறீங்களா? ஒவ்வொரு துணிக்கும் ஒரு இழுப்பு. பருத்தி சுருங்கும், பட்டு வழுக்கும், பனியன் நீளும். சேக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒண்ணா நனைச்சு எடுக்கணும்னு நீங்கதானே இங்க எல்லாரையும் திட்டுவீங்க. நனைச்சீங்களா?"



கத்திரி நனைத்திருந்தாள். தன் துணிகளை மட்டும். நைட்டி, பனியன், உள்பாவாடை எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, இஸ்திரி போட்டுத்தான் வெட்டியிருந்தாள். பட்டை அந்தப் பக்கெட்டில் போடவில்லை. போட வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. கிழவி துணியோடு தன் துணி நனையக் கூடாது என்று அவள் கை தானாகவே ஒதுக்கி வைத்திருந்தது. கொடியை அறுத்து எறிந்த அதே கை.

அவமானமாக இருந்தது. கடையில் எல்லார் முன்னாலும் கன்னத்தில் வாங்கியதுபோல் காது சுட்டது. சாயங்காலம்வரை பொறுக்க முடியாமல் மதியமே வீட்டுக்கு வந்தாள். மருமகள் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்து நீல பக்கெட்டில் ஊற்றினாள். பட்டுக்கு வெந்நீர் ஆகாது, பாழாகிப்போகும். பாழாகட்டும். எல்லாத் துண்டுகளையும், தன்னுடையது கிழவியுடையது என்று பார்க்காமல் வாரி உள்ளே போட்டு, இரண்டு கையையும் விட்டு அமுக்கினாள்.

"ஊறு," என்றாள். "என்கூட ஊறு."

தண்ணீர் சிவந்தது.

அந்தப் பக்கெட்டில் சிவப்புத் துணி ஒன்றுகூட இல்லை.

கையை எடுக்கப் பார்த்தாள். மணிக்கட்டில் ஏதோ சுற்றியிருந்தது. பட்டுத் துண்டுதான், ஓரம் சுருண்டு மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். இழுத்தாள். இறுகியது. துணி சுருங்கும், அவளுக்குத் தெரியும். ஆனால் இப்படி விரல் விரலாகச் சுருங்காது.

நான்கு விரல். ஒரு கட்டைவிரல்.

கத்திரி கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஆழமாக அமுக்கினாள். "இருபத்தஞ்சு வருஷம் நான் அடங்கியிருந்தேன். இப்ப நீ அடங்கு." தண்ணீர் தளதளவென்று கொப்பளித்தது. பிறகு பிடி விட்டது. தண்ணீர் தெளிந்து, வெறும் சோப்பு நுரையாக நின்றது. முழங்கைவரை கைகள் சிவந்திருந்தன. எவ்வளவு தேய்த்தும் அந்தச் சிவப்பு போகவில்லை. இரண்டு நாளில் தானாக மறைந்தது, கழுவிப் போனதாகத் தெரியவில்லை, தோலுக்குள் இறங்கிப் போனதாகத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு தையல் விடவேயில்லை. வெந்நீரில் விழுந்தும் பட்டின் பளபளப்பு கொஞ்சமும் குறையவில்லை. கத்திரி வரிசை வரிசையாகச் சேர்த்து, நடுவே பழைய கம்பளியை வைத்து, அடித்துணி கொடுத்து, மேலிருந்து கீழ்வரை ஓட்டித் தைத்து முடித்தாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், கனம் எப்படியிருக்கிறது என்று பார்க்கத் தானே போர்த்திக்கொண்டு கண்ணயர்ந்தாள். விழித்தபோது போர்வை நாலு பக்கமும் உடம்புக்கடியில் இறுக்கிச் செருகப்பட்டிருந்தது. வாயில் வலித் தைலத்தின் காரம்.

அன்றைக்குப் பிறகுதான் மருமகள் மாறிப்போனாள்.

முதலில் சிரிப்பு குறைந்தது. பிறகு பேச்சு. ஒருநாள் காலையில் கத்திரி பின்கட்டுக்குப் போனால், அந்தப் பெண்ணின் ஈரத் துணிகள் கொடியில் இல்லை. அவள் அறையின் ஜன்னல் கம்பிகளில் பிழிந்து சுற்றியிருந்தன. தரையெல்லாம் தண்ணீர்.

"என்னம்மா இது? கொடி அங்க சும்மாதானே இருக்கு?"

பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்கதானே அத்தை சொன்னீங்க."

"என்ன சொன்னேன்?"

"நேத்து. அதுக்கு முந்தின நாளும். உன் துணியைத் தள்ளிக் காயப்போடு, என் துணிமேல உன் ஈரம் படக் கூடாதுன்னு." அவள் குரல் உடைந்தது. "நான் என்ன தப்பு பண்ணினேன்னு சொல்லியிருந்தா திருத்திக்குவேன்."

கத்திரி நேராக முன்னறைக்குப் போய் வீட்டுக்காரர் முன் நின்றாள். அவர் ஒரு விசிறியைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் அந்தப் பொண்ணை ஏதாவது சொன்னேனா? நீங்க கேட்டீங்களா?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"உன் குரல்தான். ஆனா..." எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். "அம்மா சொல்ற மாதிரியே இருந்துச்சு."

"கேட்டுட்டு என்ன பண்ணினீங்க?"

அவர் விசிறி இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு உங்கம்மா என்னைச் சொல்லும்போதும் வாயைத் திறக்கல. இன்னைக்கு நான் ஒருத்தியைச் சொல்லும்போதும் திறக்கல. உங்க வாய் எதுக்குங்க இருக்கு? சாப்பிட மட்டும்தானா?" கத்திரியின் குரல் தெருவுக்கே கேட்டது. "நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை பேசியிருந்தா இந்த வீட்டுல இது எதுவும் நடந்திருக்காது. இந்தப் பாவத்துல பாதி உங்களது."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கிழவி இருந்த காலத்திலும் அப்படித்தான் போவார்.

அவர் போன கொஞ்ச நேரத்திலேயே கத்திரி தன் காதாலேயே கேட்டாள். மருமகள் துவைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டைத் தாண்டினாள். கத்திரி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் எதையும் நினைக்கவில்லை. வாய் திறந்தது.

"ஏய். அதைக் கொண்டுபோய்ச் சாக்கடைப் பக்கம் போடு."

குரல் அவளுடையது. நாக்கும் அவளுடையதுதான். வார்த்தை மட்டும் அவளுக்குப் பின்னாலிருந்து எங்கிருந்தோ வந்தது. அந்தப் பெண்ணின் முகம் அப்படியே இறங்கிப்போவதைக் கத்திரி பார்த்தாள். எந்த முகம் என்று அவளுக்குத் தெரியும். தான் வாழ வந்த புதிதில் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம்.

மருமகள் பெட்டியை எடுத்து வைத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். "அவர் நாளைக்குக் காலைல வந்துடறேன்னு போன் பண்ணினாரு. வந்ததும் நாங்க வேற வீடு பாத்துக்கறோம் அத்தை."

கத்திரி அந்தப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதையும் மறைக்கவில்லை. சிவப்புச் சேலை, இரண்டாவது கொடி, உருவிக் கிடந்த நூல், பக்கெட்டுக்குள் பிடித்த கை, எல்லாவற்றையும் கொட்டினாள். "நான் பட்டதை உன்னைப் படவிட மாட்டேன்னுதான் அந்தக் கொடியையே அறுத்தேன். என் வாயிலேருந்தே அவ பேசறா. நீ போயிட்டா அவதான் ஜெயிச்சா."

மருமகள் கத்திரியின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஐந்து விரல் தடம் இன்னும் கன்றியிருந்தது. பிறகு அந்தப் பெண்ணுக்கு வந்ததும் கோபம்தான்.

"யாரு அவங்க என்னைச் சொல்றதுக்கு? நான் அவங்களைப் பாத்ததுகூடக் கிடையாது."

கத்திரிக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

இருவரும் போர்வையை மெஷின் மேசைமேல் விரித்தார்கள். கத்திரி பிளேடை எடுத்து, கரும்பச்சைப் பட்டுக்கும் தன் நைட்டிக்கும் நடுவே இருந்த தையலில் ஒரே ஒரு இழையை அறுத்தாள். மற்றதை அவள் அறுக்க வேண்டியிருக்கவில்லை. தையல் தானாகவே ஓடியது. இழை இழையாக, வேகமாக, ஓரத்தைத் தாண்டி அடுத்த துண்டுக்குப் போனது. போர்வை முழுக்க மெல்லிய சத்தம், நூல் உருவும் சத்தம். அவிழ்வதற்கு அந்தப் பட்டு தவித்தது.

கத்திரி உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தாள். சத்தம் நின்றது.

"இதுதான் அவளுக்கு வேணும்," என்று கிசுகிசுத்தாள். "பிரிச்சா அவ சொன்னதை நானே செஞ்சு குடுத்த மாதிரி. காலம் பூரா அதைத்தானே செஞ்சேன்."

"அப்ப பிரிக்காதீங்க." மருமகளும் கிசுகிசுத்தாள். எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து தன் துப்பட்டா ஒன்றை எடுத்து வந்தாள். மெல்லிய பருத்தி, இளமஞ்சள். "இதையும் சேருங்க. உங்களோடது, அவங்களோடது, என்னோடது. மூணையும் எப்படிப் பிரிக்கறாங்கன்னு பாக்கலாம்."

அந்த இடத்தில் கத்திரி ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பக்கெட்டில் கலந்த அன்றைக்குத்தான் கிழவி தன் வாய்க்குள் வந்தாள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கோபம் யோசிக்க விடவில்லை. தோளோடு தோள் உரச, தன் பக்கம் ஒருத்தி நிற்கிறாள் என்பது அவளுக்கு வாழ்க்கையில் முதல் தடவை. அந்தச் சந்தோஷமும் யோசிக்க விடவில்லை.

போர்வையையும் துப்பட்டாவையும் ஒன்றாக நனைத்தார்கள். நாலு கை சேர்ந்து அமுக்கியது. தண்ணீர் அசையக்கூட இல்லை. வெயிலில் காயவைத்து, நன்றாக வெளிச்சம் இருக்கும்போதே, அவிழ்ந்த இடங்களைக் கத்திரி சேர்த்துத் தைத்தாள். நடுவில் மஞ்சள் சதுரத்தை வைத்து ஓட்டும்போது ஊசி ஒடிந்தது. வேறு ஊசி போட்டாள். அதுவும் ஒடிந்து, நகத்துக்கடியில் ஏறியது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது ஊசி மாட்டினாள். மெஷின் தானாக ஒரு சுற்று பின்னால் சுழன்றது. மருமகள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி மூலை முடிந்தது.

தைல வாசம் சட்டென்று நின்றுபோனது. வீடே லேசானது. ஜன்னல் வழியாகத் தெருவின் சத்தம் உள்ளே வந்தது, சைக்கிள் மணி, யாரோ யாரையோ கூப்பிடும் குரல். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கத்திரி வேண்டுமென்றே வாயைத் திறந்து, "உன் துணியைக் கொடியில போடும்மா" என்றாள். அவள் நினைத்த வார்த்தையேதான் வெளியே வந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இதை நான் போத்திக்கறேன் அத்தை," என்று மருமகள் போர்வையை வாரி எடுத்துக்கொண்டு போனாள். பெட்டியிலிருந்த துணிகள் மறுபடி அலமாரிக்குப் போயின. வீட்டுக்காரர் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். பல வருஷத்துக்குப் பிறகு கத்திரி அசந்து தூங்கினாள்.

விடிந்து நேரமாகித்தான் எழுந்தாள். வீடு பெருக்கித் துடைத்திருந்தது. முன்னறையில், தெருவைப் பார்த்த நாற்காலியில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். போர்வை தோளைச் சுற்றிக் கழுத்துவரை இழுத்துச் செருகியிருந்தது.

"இவ்வளவு சீக்கிரம் எழுந்துட்டியாம்மா?"

பெண் திரும்பவில்லை.

"மணி என்னடி ஆச்சு?"

கத்திரி அப்படியே நின்றாள்.

"மசமசன்னு நிக்காம போய் வெந்நீர் வை. காலு குடையுது."

இளம் குரல்தான். மெல்ல முகம் திரும்பியது. உதடு ஓரமாகக் கோணியிருந்தது, வேண்டாத எதையோ மோந்து பார்த்ததுபோல. கண்கள் மட்டும் அந்தப் பெண்ணுடையவை. அவை கத்திரியையே பார்த்தன. அவற்றிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டே இருந்தது.

கத்திரி பாய்ந்து போர்வையைப் பிடித்து இழுத்தாள். "விடுடி அவளை. உனக்கும் எனக்கும்தான் சண்டை. என்கிட்ட வா. அந்தப் பொண்ணு உனக்கு என்னடி பண்ணினா?"

போர்வை வரவில்லை. பிளேடை எடுத்து மஞ்சள் சதுரத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். நாற்காலியில் இருந்த உடம்பு துடித்தது. தையல் ஓடிய வரிக்கு நேராக, அவள் கழுத்தில், மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று எழும்பியது. கத்திரி பிளேடைக் கீழே போட்டுவிட்டாள். கண்கள் கெஞ்சின. உதடு சிரித்தது.

"நல்லாத்தான் தைக்கற. பிரியவே மாட்டேங்குது," என்றது வாய்.

தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது. பிறகு பிரேக் பிடிக்கும் சத்தம், கதவு அறையும் சத்தம், வாசலை நோக்கி வேகமாக வரும் செருப்புச் சத்தம். ஒரு வாரத்துக்கு மேலாகப் பார்க்காத மனைவியைப் பார்க்க வருபவனின் நடை.

நாற்காலியில் இருந்தவள் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போய்க் கதவைத் திற. என் பேரன் வந்துட்டான்."

கத்திரியின் கால்கள் கதவை நோக்கி நடந்தன. அவள் அவற்றைப் போகச் சொல்லவில்லை.